வீடியோவில் சுழன்ற தட்டு

கஞ்சிக்கோட்டில் ரியாஸின் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததுமே சிரிப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட, நெடுநாள் பழகியவர்கள்போல, "வீடியோவுல பாத்த மாதிரியே இருக்கீங்க" என்பார்கள். ஆரம்பத்தில் அது அவனுக்குப் பிடித்திருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போய், "இன்னைக்கும் ரெண்டு பேரு சொன்னாங்க புள்ள" என்று மனைவி ஃபர்ஸானாவிடம் சொல்லிக்கொள்வான்.

மிக்ஸி, வாஷிங் மெஷின், ஃபேன் என்று வீட்டுச் சாமான் பழுது பார்க்கிற கடை அது. மோட்டார் பழுதானால் யாரும் கவலைப்படுவதில்லை; காயில் கட்டலாம், புதிது மாட்டலாம். அற்பமான ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்துவிட்டால்தான் மெஷினே குப்பைக்குப் போய்விடும். மூடியின் கொக்கி, திருகும் குமிழ், கப்ளர் என்று எல்லாமே கைக்குள் அடங்குகிற சாமான்கள்; தனியாகக் கேட்டால் கம்பெனிக்காரன் இல்லை என்பான். ரியாஸ் அவற்றைச் சூடு வைத்தும், கம்பி கொடுத்தும், பசை போட்டும் உயிர்ப்பிப்பான். அதை ஃபர்ஸானா ஃபோனில் படம் பிடிக்க, "உடைஞ்ச பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீங்க" என்று தொடங்கி வீடியோ போட்டார்கள். முதலில் போட்டவை எல்லாம் உள்ளது உள்ளபடிதான். மிக்ஸி ஜாரின் கைப்பிடி, ஃபேனின் குமிழ். பார்த்தவர்கள் சொற்பம்.

பிறகுதான் எலப்புள்ளி டீச்சர் ஒருவரின் வாஷிங் மெஷின் வந்தது. தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றுகிற தட்டின் நடுத்துளையில் பற்கள் தேய்ந்து, ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மோட்டார் ஓடும், தட்டு ஓடாது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. ரியாஸ் துளையில் சமையல் சோடாவைக் கொட்டி, அதன்மேல் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டான். புகை எழும்பி, சோடா கல்லாக இறுகியது. அரத்தால் பற்களைச் செதுக்கினான். பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ஃபர்ஸானா எல்லாவற்றையும் படம் பிடித்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் நிரப்பி ஓட விட்டார்கள். தட்டு இரண்டு சுற்றுச் சுற்றியது. அப்புறம் கடகடவென்று சத்தம், தட்டு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால், இறுகிய சோடா அப்படியே கட்டியாகப் பெயர்ந்து வந்திருந்தது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நம்பியிருந்தான்.

டீச்சர் மெஷினை எடுக்க வருகிற நேரம். கடையின் மூலையில், அதே மாடலில், பழைய சாமான் வாங்கி விற்கிற ஆக்கர்க்காரரிடம் வாங்கிப் போட்ட பழைய மெஷின் ஒன்று கிடந்தது. அதன் தட்டைக் கழற்றி டீச்சரின் மெஷினில் மாட்டினான். அது ஜோராக ஓடியது.

"இதை எடுத்துரு புள்ள," என்றான்.

ஃபர்ஸானா ஃபோனைக் கீழே வைத்திருந்தாள். "இது வேற தட்டாச்சேங்க."

"தண்ணிக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது? முறையெல்லாம் சரிதான். எங்கையோ பசை கொஞ்சம் கொறைஞ்சிருச்சு. அவ்வளவுதான்."

அவள் ஃபோனை எடுத்து, ஓடுகிற தட்டைப் படம் பிடித்தாள்.

அந்த வீடியோதான் ஓடியது. லட்சக்கணக்கில் பார்த்தார்கள். திருச்சூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வீடியோவின் கீழே சிலர், ஒட்டியது நிற்கவில்லை என்று எழுதினார்கள். 'நல்லா காயவிடாமப் போட்டிருப்பீங்க' என்று ரியாஸ் பதில் எழுதினான். முதல் தடவை எழுதும்போது விரல் தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, காதோரம் நரைத்த ஒரு பெண் துணிப்பையை மார்போடு அணைத்தபடி கடைக்கு முன்னால் வந்து நின்றாள். வெயிலுக்குப் பழகாத ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது; தோளில் ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், முகமெல்லாம் வியர்வை. அப்போது கடையில் மிக்ஸிக்காகக் காத்திருந்த ஒருவரும் இருந்தார்.

"அந்த வீடியோவுல வர்ற தம்பி நீங்கதான?"

"ஆமாங்கம்மா. உக்காருங்க. எங்கிருந்து வர்றீங்க?"

"மூணாறுப் பக்கம் மாட்டுப்பட்டியிலருந்து. எம் பேரு சுருளியம்மா. மக முருகேஸ்வரி இங்கனதேன் ஒரு கம்பெனியில வேல பாக்குறா. அவளப் பாக்க வந்தேன். வந்தது வந்தோம், உங்களையும் பாத்துட்டுப் போயிருவம்னு வந்தேன்."

துணிப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அதே மாடலின் தட்டு. நடுத்துளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சோடாத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"எங் கைதேன் சரியில்ல தம்பி," என்றாள் சுருளியம்மா. "நீங்க காட்டுன மாதிரியேதேன் பண்ணேன். மொத தடவ ஒட்டுனது ஒரு நடைக்கு மேல நிக்கல. மக உங்களுக்கு எழுதிக் கேட்டா. சரியாக் காயலன்னு நீங்க பதில் போட்டிருந்தீங்களாம். எங்க ஊரு ஈரத்துக்கு எது காயுது சொல்லுங்க. பெறகு அடுப்புப் பக்கத்துல ராத்திரி பகல்னு வச்சிருந்து மறுக்கா ஒட்டுனேன். அதுவும் பேந்துபோச்சு."

"வீட்டுக்குத் துவைக்கறதுக்குங்களா?"

"வீட்டுக்குன்னா கையிலயே கும்மிப் போட்டுருவேனே. ஜோமோள்னு ஒரு சேச்சி, சுற்றுலா வர்றவங்க தங்குறதுக்கு வீடு விடுறாங்க. அங்க உள்ள விரிப்பு, போர்வை அம்புட்டும் நாந்தேன் துவைச்சுக் குடுக்குறது. ஓடிக்கிட்டு இருக்கயிலயே தட்டு மேல எந்திரிச்சு, அடியில துணி சிக்கி, புது விரிப்பெல்லாம் நாராக் கிழிஞ்சுபோச்சு. கவனமில்லாதவன்னு சேச்சிக்கு ஒரே கோவம். நான் என்னத்தச் சொல்ல? சரியா ஒட்டத் தெரியாம ஓட விட்டுட்டேன், என் தப்புத்தேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மிக்ஸிக்காரர் பரிவோடு சொன்னார், "இவருகிட்ட வந்துட்டீங்கல்ல. இனிச் சரியாயிரும்."

அந்தப் பேச்சு ரியாஸின் காதில் சுட்டது. "வெச்சுட்டுப் போங்கம்மா. சரி பண்ணி வெக்கறேன். மகளை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க," என்றான் அவசரமாக.

"இல்ல தம்பி, கோவிச்சுக்காதீக. நீங்க பண்ணுறதக் கண்ணால பாக்கணும். எங்கிட்டுத் தப்பு விடுறேன்னு தெரிஞ்சாத்தான அடுத்த தடவ நானே பண்ணிக்கிருவேன். இதுக்குன்னு மலையிலருந்து எறங்கி வந்துக்கிட்டு இருக்க முடியுமா?"

ஸ்டூலை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டு, பாடம் கேட்கிற பிள்ளைபோல உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழி தெரியாமல் ரியாஸ் தட்டைக் கையில் எடுத்தான். பழைய சோடாவைச் சுரண்டினான். துளையின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தான். இந்த முறையாவது நின்றுவிடாதா என்று ஒரு நப்பாசை. சோடாவைக் கொட்டிப் பசையை விட்டான். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்த சுருளியம்மா, "நானும் இம்புட்டுதேன் போட்டேன்," என்றாள். சற்றுப் பொறுத்து, "நானும் இப்படித்தேன் தேய்ச்சேன்," என்றாள். அவள் குறை சொல்லவில்லை. தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஃபர்ஸானா டீ கொண்டுவந்தாள். மேஜையில் இருந்த தட்டைப் பார்த்தாள்; வந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரு நிமிஷம் உள்ள வாங்க," என்றாள்.

சமையலறையில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "சொல்லப் போறீங்களா, இல்லையா?"

"எப்படிச் சொல்றது? ஆளு வேற இருக்காங்க."

"அது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெளிய உக்காந்திருக்கற அந்தம்மாவுக்கு மட்டுந்தான் தெரியாது." அவள் கண் கலங்கியது. "படம் எடுத்தது நான்தானுங்க. உங்களை மட்டும் சொல்லலை."

அவன் கடைக்குத் திரும்பினான். சுருளியம்மா ஸ்டூலில் இல்லை. அவள் மூலையில் கிடந்த பழைய மெஷினின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எம் மெஷினு மாதிரியே இருக்கே தம்பி. இதோட தட்டு எங்க?"

கேள்வியில் சூது எதுவும் இல்லை. உடைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவாள். அந்த வார்த்தை ரியாஸின் நாக்கு நுனிவரை வந்தது. இனிமேல் இவளிடம் ஒரு பொய்யைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"அது... அதுதாங்கம்மா வீடியோவுல ஓடுனது."

சுருளியம்மாவுக்குப் புரியவில்லை. "அது ஒட்டுன தட்டுல்ல?"

"இல்லைங்க. ஒட்டுனது நிக்கலை. அன்னைக்கே பேந்து வந்துருச்சு. இதோட தட்டைக் கழட்டி அதுல மாட்டி ஓட விட்டு, ஒட்டுனதுதான் ஓடுதுன்னு காட்டினேன்."

மிக்ஸிக்காரர் எழுந்தார். வேலை முடியாத தன் மிக்ஸியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ரியாஸ் அவரைத் தடுக்கவில்லை.

சுருளியம்மா மெஷினின் மூடியை மெதுவாக இறக்கினாள். "அப்ப நான் ஒண்ணும் தப்பாப் பண்ணலையா?"

"இல்லைங்கம்மா."

"அடுப்புப் பக்கத்துல வச்சிருந்தது?"

"எங்க வெச்சாலும் நிக்காதுங்க. அந்தப் பிளாஸ்டிக்குல பசை பிடிக்காது."

அவள் முகத்தில் முதலில் தெரிந்தது கோபம் அல்ல. பெரிய சுமையை இறக்கி வைத்தவள்போலத் தோள் தளர்ந்தது. அதைத்தான் ரியாஸால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பிறகு மெல்ல மெல்ல, நடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஸ்வெட்டர் நுனியால் துடைத்தாள்.

"எத்தன நாளு எங் கையப் பாத்து நானே நொந்துக்கிட்டேன் தெரியுமா?" என்றாள். "வயசாயிருச்சு, கண்ணு தெரியல, கை நிதானம் போயிருச்சுன்னு. சேச்சி திட்டுனப்ப வாயத் தொறக்கல. அவுக சொல்லுறதுல என்ன தப்புன்னு நின்னேன்."

"கிழிஞ்ச விரிப்புக்கு நான் குடுத்துர்றேங்கம்மா."

"காசு கேட்டு வரல," என்றாள் வெடுக்கென்று. பையிலிருந்து ஃபோனை எடுத்து அவன் முன் நீட்டினாள். "சேச்சிக்குப் போடுறேன். எங்கிட்டச் சொன்னத அவுககிட்டச் சொல்லு. அது போதும்." அதுவரை நீங்க என்றவள் நீ என்றாள்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஜோமோள் எடுத்தாள். ரியாஸ் மலையாளத்தில் தன்னை யாரென்று சொன்னான். சுருளியம்மாவின் மெஷினைப் பற்றிப் பேச வேண்டும் என்றான். இந்தத் தட்டுகள் தரமில்லாத பிளாஸ்டிக்கில் வருகின்றன, யார் ஒட்டினாலும் நிற்பது கஷ்டம் என்று ஆரம்பித்தான். சுருளியம்மாவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பேச்சை நிறுத்தினான். "நான் காட்டியது பொய், சேச்சி. ஒட்டாத தட்டை ஒட்டியதாகக் காட்டினேன். அதை நம்பித்தான் இவர்கள் செய்தார்கள். விரிப்பு கிழிந்தது இவர்கள் குற்றமில்லை, என் குற்றம்," என்றான்.

எதிர்முனையில் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம். அப்படியா என்றாள் ஜோமோள். அவள் குரலில் கோபமும் இல்லை, அக்கறையும் இல்லை. பாவம் அந்த அம்மா, சொல்லியிருக்கலாமே என்றாள். துணியெல்லாம் இப்போது மூணாறில் ஒரு லாண்டரிக்குக் கொடுத்துவிட்டேன், அவர்களே வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், இனி மாற்ற முடியாது என்றாள். ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

அதைச் சுருளியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவன் தடுமாறினான். அவளே சொன்னாள், "கேட்டுச்சு."

மேஜையில் இருந்த தட்டை எடுத்துத் துண்டில் சுற்றப் போனாள். ரியாஸ் அதன்மேல் கை வைத்தான். "இதை வெச்சுட்டுப் போங்கம்மா. பசை இல்லாம, இரும்பு வெச்சு வேற மாதிரி பண்ணிப் பாக்கறேன். நானே மாட்டுப்பட்டிக்குக் கொண்டாந்து மாட்டித் தர்றேன்."

"நீ வர வேணாம்," என்றாள். "அக்கம்பக்கத்துல யாருன்னு கேப்பாக. நான் என்னன்னு சொல்ல? மக கையில குடு."

ஃபர்ஸானா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவள் வேண்டாம் என்றாள். முக்கால்வாசி குடித்திருந்த டீயை மட்டும் முடித்துவிட்டு, டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே வீடியோவை நீக்கிவிட்டு, வேறொன்று எடுத்தார்கள். ஒட்டிய தட்டு மெஷினில் சுற்றிப் பெயர்ந்து வருவதை வெட்டாமல் காட்டி, முன்பு போட்டது பொய் என்று ரியாஸ் தன் வாயாலேயே சொன்னான். சொல்லும்போது காமிராவைப் பார்க்க வரவில்லை. ஃபர்ஸானா மறுபடி எடுக்கச் சொல்லவும் இல்லை. அதைப் பார்த்தவர்கள் குறைவு, பார்த்தவர்களும் வைதார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடுகையில், "என்ன ரியாஸு, செருப்பையும் மாத்திப் போட்டுட்டியா?" என்று ஒருவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

தட்டு வேலை சுலபமாக முடியவில்லை. வேறொரு கம்பெனித் தட்டின் நடுவில் பற்களோடு ஓர் உலோகக் குமிழ் இருந்தது. அதை அறுத்தெடுத்துச் சுருளியம்மாவின் தட்டில் பதித்து, துருப்பிடிக்காத திருகாணிகளால் அடியிலிருந்து முடுக்கினான். முதல் தடவை மையம் விலகி ஆட்டம் கண்டது. கழற்றி மறுபடி பதித்தான். மூலையில் கிடந்த மெஷினில் மாட்டி, வீட்டில் இருந்த கனமான போர்வைகளையெல்லாம் நனைத்துப் போட்டு, நாள் முழுக்க ஓட விட்டான். மறுநாளும் ஓட விட்டான். ஃபர்ஸானா துவைத்ததையே மறுபடி துவைத்துக் காயப்போட்டாள்.

முருகேஸ்வரியைக் கம்பெனி வாசலில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் சந்தித்தான். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தாள். அம்மாவின் சாயல் அப்படியே இருந்தது. தட்டை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே," என்றாள். "அம்மாவுக்கு ஒட்டவே வரல. கடைசியில நீங்களே பண்ணிக் குடுத்துட்டீங்க."

ரியாஸ் திகைத்தான். "அம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலைங்களா?"

"என்னத்த? கடையில குடுத்திருக்கேன், வாங்கி அனுப்புன்னாக."

அந்த அம்மா மகளிடம் சொல்லவே இல்லை. ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். அவளைச் சுற்றி கூட வேலை பார்க்கிற பெண்கள் வேறு நின்றிருந்தார்கள். அவன் அங்கேயே நின்று, நான்காவது முறையாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் எழுதிக் கேட்டதற்குத் தான் போட்ட பதிலும் பொய் என்றான்.

முருகேஸ்வரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். தோழிகளைப் போகச் சொன்னாள்.

"அந்தப் பதில நாந்தேன் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்," என்றாள். "காயவிடாம என்ன அவசரம்னு நானும் சேந்து திட்டுனேன். சேச்சி திட்டுனதக்கூட அம்மா விட்டுருவாக. நான் திட்டுனதுக்குத்தேன் அன்னைக்குச் சாப்புடாமப் படுத்தாகளாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லுச்சு." அவள் உதடு துடித்தது. "அதேன் எங்கிட்டச் சொல்லல போல. தெரிஞ்சா நான் வருத்தப்படுவேன்னு."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் ரியாஸ் வாயெடுத்தான். அவள் கேட்காமல் திரும்பி, தட்டை அணைத்துப் பிடித்தபடி ஹாஸ்டல் பக்கம் நடந்தாள். நடந்துகொண்டே ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். "அம்மா" என்று அவள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது. அதற்கப்புறம் பேசியது கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து முருகேஸ்வரியே கூப்பிட்டாள். தட்டு ஓடுகிறது என்றாள். மழைக்காலம் என்பதால் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கம்பளி கொண்டுவந்து கொடுக்கிறார்களாம், அம்மா துவைத்துக் கொடுக்கிறாராம்.

"ஜோமோள் சேச்சி?"

"அவுக கூப்புடலண்ணே."

தட்டு ஆட்டம் கண்டால் உடனே சொல்லச் சொன்னான். சரி என்றாள். அவள் வைத்த பிறகு, தன் முன்னால் பாதி பிரித்துக் கிடந்த யாருடையதோ மிக்ஸி மூடியைக் கையில் எடுத்தான். அதைக் கொண்டுவந்தவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"நிக்குமாங்க?" என்றார் அவர்.

"தெரியலைங்க," என்றான் ரியாஸ். "பண்ணிப் பாக்கறேன். நிக்கலைன்னா சொல்லிர்றேன்."